எர்ரகட்டாவுக்கு முன்னால் ஒரு வாசல்

(மகளிர் மனநலம் குறித்து மல்காஜ்கிரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயில்வே வேலைக்கும் கன்டோன்மென்ட் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்தைச் சுற்றி மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், ஆனந்த்பாக், சபில்குடா என்று பரவிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கூடும் கூட்டமே அதற்குச் சாட்சி. இந்தப் பகுதிகள் பலவற்றையும் உள்ளடக்கிய மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலின்போது 37 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தார்கள். வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய தொகுதி இதுதான்.

இத்தனை பேர் வாழும் ஊரில், மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல், அடுப்படியில் நின்றபடியே அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண் எங்கே போவாள்? காய்ச்சல் என்றால் 2018இல் தொடங்கிய பஸ்தி தவாகானா என்ற அரசின் குடியிருப்புப் பகுதி மருத்துவகம் இருக்கிறது. கணவன் அடித்தால் 181 என்ற எண் இருக்கிறது. சகி மையமும், காவல்துறையின் பரோசா மையமும் இருக்கின்றன. சித்தமே கலங்கிவிட்டால் நகரின் மேற்கே எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, இந்த ஊருக்கு எர்ரகட்டா அப்படி. பெயரைச் சொன்னாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். அடியும் விழவில்லை, சித்தமும் கலங்கவில்லை, ஆனால் நாளைத் தள்ள முடியவில்லை என்று இருப்பவளுக்கு எந்த வாசல்? இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஆண்டில் தற்கொலையால் இறந்த இந்தியர்கள் 1,70,924 பேர். அவர்களில் பெண்கள் 48,172. அந்தப் பெண்களில் இல்லத்தரசிகள் மட்டும் 25,309. விவசாயிகளின் சாவு சட்டமன்றம் வரை போகிறது. மாணவர்களின் சாவைத் தொலைக்காட்சி விவாதிக்கிறது. இந்த 25,309 பேரின் சாவு, ‘குடும்பத் தகராறு’ என்று காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்துபோகிறது.

பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னொரு படத்தைக் காட்டியது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதோவொரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள். நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாதவர்கள். நாட்டிலோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை; முக்கால்தான். மருத்துவரை மட்டும் நம்பி இந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஹைதராபாத்தில் எழுந்த கேள்வி

மருத்துவமனையின் படுக்கைக் கணக்கை வைத்துப் பெண்களின் மனத்துயரை அளக்கலாமா என்ற கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர்களில் ஒருவர் பார்கவி தாவர். 1985இல் ஹைதராபாத்தில் தொடங்கிய அன்வேஷி மகளிர் ஆய்வு மையத்தோடு சேர்ந்து இயங்கியவர். இந்தியப் பெண்களின் மனநலம் பற்றி 1999இல் அவர் எழுதிய நூலின் வாதம் எளிமையானது. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மனச்சோர்வு, பதற்றம், காரணம் பிடிபடாத உடல்வலி போன்ற சாதாரணச் சிக்கல்களில்தான் பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது. அரசின் பணமும் கட்டடங்களும் கடும் நோயை நோக்கியே இருப்பதால், பெரும்பாலான பெண்களின் துயரம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இந்த வாதம் புத்தக அறையில் மட்டும் பிறந்ததில்லை. பார்கவியின் தாயார் பாபு, சென்னையில் வாழ்ந்த தமிழ்ப் பெண். கண்ணன் மீதும் மீராவின் மீதும் பெரும்பக்தி கொண்டவர். நோட்டு நோட்டாக எழுதியவர். வீட்டை விட்டுக் குருவாயூருக்குப் போய்விட்டவர். அவருக்கு மனச்சிதைவு என்று மருத்துவம் பெயர் சூட்டியது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் அவீவ் 2022இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் பாபுவின் கதைதான். தாயின் பெயரிலேயே பார்கவி 1999இல் புனேயில் பாபு அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு அந்நகரின் குடிசைப் பகுதிகளில், சந்துக்குச் சந்து போய்ப் பேசும் சமூக மனநலப் பணியாக அது வளர்ந்தது. 2024இல் அவர் காலமானார்.

சென்னையிலிருந்து இன்னொரு சான்று. ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை 1984இல் நிறுவியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர். அந்த நிறுவனத்தின் ஆர். தாராவும் அவர் குழுவினரும் மனச்சிதைவால் மணவாழ்க்கை முறிந்த 70க்கும் மேற்பட்ட பெண்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. நோயைவிட ‘வாழாவெட்டி’ என்ற பேச்சே அந்தப் பெண்களை அதிகம் நோகடித்தது. பெரும்பாலோர் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள். கணவனிடமிருந்து ஜீவனாம்சம் வருவது அரிது. ‘எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்பது வயதான பெற்றோர்களின் ஓயாத கவலை. இந்தக் கேள்விக்கு எந்த மாத்திரையிலும் பதில் இல்லை.

அடைக்கலத்திலிருந்து வாடகை வீட்டுக்கு

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்துவரும் அமைப்பு சென்னையின் ‘தி பேன்யன்’. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம்பெண்கள் தொடங்கியது. இருவருக்கும் அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். தெருவில் மனநோயோடு அலைந்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடிப் போன இவர்களுக்கு எங்கும் சரியான பதில் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு இருவரும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே தொடங்கியதுதான் பின்னால் முகப்பேரில் ‘அடைக்கலம்’ ஆயிற்று.

அடைக்கலத்தின் வேலைமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெருவிலிருந்து வரும் பெண்ணுக்கு முதல் தேவை குளியல், துணி, சோறு. காலில் புண் இருக்கும், தலையில் பேன் இருக்கும், ரத்தசோகை இருக்கும். மனநல மருந்து இவற்றோடு சேர்ந்தேதான் தொடங்குகிறது. சில வாரங்களில் தூக்கம் திரும்பும், பேச்சு வரும். அதன்பின் சமூகப் பணியாளரின் முறை. அவள் பேசும் மொழி எந்த வட்டாரத்தது, ஊரில் என்ன கோயில், எந்த ஆறு, சந்தை எந்தக் கிழமை என்று துருவித் துருவிக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ரயிலேற்றிக் கூடவே போய் வீட்டில் விட வேண்டும். இப்படிச் சென்னையிலிருந்து நாட்டின் பல மூலைகளுக்கும் பெண்கள் திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லா வீட்டுக் கதவும் திறப்பதில்லை. கணவன் வேறு கல்யாணம் செய்திருப்பான். தாய் தந்தை போய்ச் சேர்ந்திருப்பார்கள். அண்ணன் வீட்டில் அண்ணி இருப்பாள். சிலருக்குத் திரும்பிப் போக விருப்பமே இருக்காது. நோய் தணிந்த பின்னும் போக்கிடமில்லாமல் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிட்ட இந்தப் பெண்களுக்காக 2015இல் தொடங்கியது ‘ஹோம் அகெய்ன்’ திட்டம்.

திட்டம் இதுதான். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. அதில் நான்கைந்து பெண்கள். யாரோடு யார் இருப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டு யாரையும் அடைத்துவைப்பதில்லை. காலையில் ஒருத்தி கோலம் போடுவாள், ஒருத்தி கடைக்குப் போவாள், இன்னொருத்தி வேலைக்குக் கிளம்புவாள். உதவிக்கு ஓர் உதவியாளர் உண்டு. அவரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்தான், பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர், பயிற்சி பெற்றவர். மாத்திரை நேரத்தை நினைவூட்டுவதும், பேருந்தில் கூடப் போவதும், சண்டை வந்தால் இரு பக்கமும் கேட்பதும் அவர் வேலை. சமூகப் பணியாளரும் மனநல மருத்துவரும் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். வீடு கிடைப்பதில் தொல்லை உண்டு. அண்டை வீட்டார் முகஞ்சுளிப்பதும் உண்டு. அதையெல்லாம் வாசலில் நின்று பேசித் தீர்ப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்பது இந்தத் திட்டத்தின் கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் சமூக மனநலச் சேவைகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், உலகெங்கிலும் தேர்ந்தெடுத்த நல்ல முன்மாதிரிகளில் சென்னையின் இந்த வாடகை வீடுகளும் இடம்பெற்றன. அதே வழிகாட்டியில் குஜராத்தின் ‘ஆத்மீயதா’வும் கொல்கத்தாவின் ‘நயா தௌர்’ திட்டமும் உண்டு.

இதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைந்தது. உள்நோயாளிகள் விரலில் மையோடு வெளியே வந்தார்கள். இரண்டுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். இடையில் 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதை உரிமை என்கிறது. சங்கிலியைத் தடை செய்கிறது. சிகிச்சையிலுள்ள தாயையும் மூன்று வயதுக்குட்பட்ட அவள் குழந்தையையும் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறும் தனிப்பிரிவு நடந்துவருகிறது.

கேட்பவர்கள் யார்?

மகளிர் மனநல மையம் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, ‘டாக்டர் யார்?’ என்பதுதான். பேன்யனின் அனுபவமும் வேறு நாடுகளின் அனுபவமும், டாக்டரைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கின்றன.

லண்டனில் 1976இல் சூசி ஓர்பாக், லூயிஸ் ஐகன்பாம் இருவரும் மகளிர் சிகிச்சை மையத்தைத் தொடங்கியபோது, பெண்களுக்குப் பெண்களே சிகிச்சை தரும் இடமாக மட்டும் அதை அமைக்கவில்லை. சிகிச்சையாளர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்கும் கூடமாகவும் அது இருந்தது. ஏழை நாடுகள் அதே எண்ணத்தைத் தம் வழியில் செய்தன. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், பிள்ளைப்பேற்றுக் காலச் சோர்வில் இருந்த 903 தாய்மாரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. வீட்டுக்கு வரும் அரசு சுகாதார ஊழியைகளுக்கே பேச்சுவழிச் சிகிச்சையில் பயிற்சி தந்தார்கள். ‘உனக்கு மனநோய்’ என்று அவர்கள் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. குழந்தையின் நலத்தைப் பற்றியே பேச்சைத் தொடங்கினார்கள். மாமியாருக்கு அதில் மறுப்பு ஏது? ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற தாய்மாரில் 53 விழுக்காட்டினருக்குச் சோர்வு நீடித்தது. பயிற்சி பெற்ற ஊழியை வந்துபோன வீடுகளில் அது 23 விழுக்காடு. லான்செட் இதழ் 2008இல் இதை வெளியிட்டது.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரத்துப் பாட்டிமார்களைத் திரட்டினார். சுகாதார மையத்துக்கு வெளியே மரப்பலகை போட்டு அமர்ந்து, வருகிறவர் சிக்கலைக் கேட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்வு தேட வைப்பது அவர்கள் வேலை. 2016இல் வெளியான ஆய்வில், பாட்டிமாரிடம் பேசியவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கே சோர்வு நீடித்தது. அவர்களிடம் பேசாத மற்றக் குழுவில் 49.9 விழுக்காடு.

கோவாவில் 1996இல் தொடங்கிய சங்காத் அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் ஆட்களையே ஆலோசகர்களாக்கியது. அவர்கள் நடத்துவது ஆறு முதல் எட்டு அமர்வுகள். நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை என்ன செய்தாய் என்று மணிவாரியாக எழுதிப் பார்ப்பார்கள். விட்டுப்போன ஒரு சின்ன வேலையை, மொட்டை மாடிக்குப் போவதோ பழைய தோழிக்குப் போன் செய்வதோ எதுவாகவும் இருக்கலாம், அடுத்த அமர்வுக்குள் செய்து பார்க்கச் சொல்வார்கள். ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி, ஒலிப்பதிவு செய்த ஓர் அமர்வைச் சேர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். எங்கே அவசரப்பட்டார், எங்கே அறிவுரையில் இறங்கிவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

இந்த மேற்பார்வைதான் முழு வேலையின் அச்சாணி. அனுபவமுள்ள பெரியவர் யாராவது ஆறுதல் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ‘அனுசரித்துப் போம்மா’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் பல பெண்கள் இந்த நிலைக்கு வந்திருக்கிறார்கள். பயிற்சி இல்லாத நல்லெண்ணம் அதையே இன்னொரு முறை சொல்லும்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்ள நெடுங்காலம் எந்த வரைமுறையும் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. பணம் கட்டிப் போகிறவர்கள் எதிரே இருப்பவரின் தகுதியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மல்காஜ்கிரிக்கு என்ன?

இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத பாலைவனம் இல்லை. கிழக்கு மாரேட்பள்ளியிலிருந்து இயங்கிவந்த அஸ்மிதா மகளிர் மையம், வசந்த் கண்ணபிரான், தெலுங்கு எழுத்தாளர் வோல்கா முதலியோர் 1991இல் தொடங்கியது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சட்ட உதவியும் ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அவர்கள். போவென்பள்ளியில் மத்திய அரசின் அறிவுசார் குறைபாட்டு நிறுவனம் 1984 முதல் இருக்கிறது. செகந்திராபாத்தில் ‘ரோஷ்ணி’ தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’வைப் போன்றது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது. இரவு பகல் எப்போதும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இல்லாதது, நடந்து போய்ச் சேரும் தூரத்தில் ஓர் அறை.

இங்குள்ள தமிழ்ப் பெண்களுக்கு அந்த அறையின் தேவை ஒரு பங்கு கூடுதல். தலைப்பிரசவத்துக்கு மதுரைக்கோ வேலூருக்கோ தாய்வீடு போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு மல்காஜ்கிரி அடுக்குமாடிக்குத் திரும்புகிறாள். அங்கே குளிப்பாட்டி விட்ட அம்மா இல்லை, பத்தியம் போட்ட அத்தை இல்லை. கணவன் இரவு ஷிப்ட். பக்கத்து வீட்டாரோடு பேசத் தெலுங்கு இன்னும் வரவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய சோர்வு பற்றிக்கொள்ள இதைவிட வாகான சூழல் கிடைக்காது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. அறை பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே இருப்பவர் அவள் மொழி பேச வேண்டும். ஆனால் ஊர்த் தமிழர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். செவ்வாய்க்கிழமை மனம்விட்டு அழுத பெண், வெள்ளிக்கிழமை அதே ஆலோசகரைக் கோயில் பிரகாரத்தில் பார்க்க நேரும். ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அந்த வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆகவே தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் ஆலோசகர்கள் வேண்டும். அவர்களில் யாரிடம் பேசுவது என்பதை வருகிறவளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படியொரு மையத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ரயில் நிலையத்துக்கோ காய்கறிச் சந்தைக்கோ அருகில், தரைத்தளத்தில் இரண்டு அறைகள் போதும். ஒன்றில் குழந்தைகள் விளையாடட்டும். இன்னொன்றுக்குக் கதவு நன்றாகச் சாத்த வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் பதினொன்று முதல் மூன்று மணி வரை திறந்திருக்க வேண்டும். வாசல் பலகையில் மனநோய் என்ற சொல் இருக்கத் தேவையில்லை. இப்பகுதிப் பெண்களிலிருந்தே ஏழெட்டுப் பேருக்குப் பயிற்சி தர வேண்டும். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவர் வாரந்தோறும் அவர்கள் வேலையை மேற்பார்வை செய்ய வேண்டும். மனநல மருத்துவரும் வழக்கறிஞரும் வாரம் ஒருநாள் வந்தால் போதும்.

வருகிறவளிடம் முதல் நாள் ஒன்பது கேள்வி. உலகெங்கும் புழங்கும் தாள்தான். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சாவு பற்றிய கேள்விக்கு ஆம் என்றால், மொத்தம் எத்தனையாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். எர்ரகட்டாவின் உதவி தேவைப்படுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை அங்கே அழைத்துப் போவதும், அங்கிருந்து வந்தபின் மருந்து விட்டுப்போகாமல் பார்ப்பதும் இதே மையத்தின் பொறுப்பு.

செலவு யாருடையது? அரசுடையது என்பதே சரியான பதில். பஸ்தி தவாகானாவில் ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் உட்காரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. பட்டிமன்றத்துக்குச் சென்னையிலிருந்து நடுவரை விமானத்தில் அழைத்துவரும் நம் சங்கங்கள், ஆண்டில் ஒரு பட்டிமன்றத்தை விட்டுக்கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் நாலு பெண்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் செவிலியர்களும் இந்த அவையில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் யார் வருவீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தரைத்தளத்தில் அறை வைத்திருப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை இன்றே உங்கள் மாடிப்படியின் கீழ், மின்சார மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.